காற்றை அளந்த அம்மையார்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் சேவூரில் பிறந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டையே உலுக்கிவிடும். பல்லடம், உடுமலை வட்டாரங்களில் அதை மின்சாரமாக்கக் காற்றாலைகள் நிற்கின்றன.

உடுமலைக்குப் பேருந்தில் சென்றபோது, அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைக் கண்டு எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. முன்னே நிற்கும் ஆலை காற்றின் வலிமையை எடுத்துக்கொண்டால் பின்னே நிற்பதற்கு என்ன மிஞ்சும்?

நூல்களைப் புரட்டினேன். சுழலும் சிறகுகளுக்குப் பின்னால் வேகம் குன்றிய காற்று ஒரு நிழலைப்போல் நீண்டு கிடக்கிறது. தொலைவு செல்லச் செல்ல அகன்று மறைகிறது. 1983-இல் டென்மார்க்கின் ரீசோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யென்சன் இதற்கோர் எளிய கணக்கு வகுத்தார். காற்றின் வேகம் 10 சதவீதம் குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் 27 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் நட்டம் பெரிது. கணக்கு மெய்யா என்பதை ஆலைக்கு முன்னும் பின்னும் கம்பம் நட்டு அளந்துதான் அறிய வேண்டும். அளக்கும் கருவியே பொய் சொன்னால் என் செய்வது? இந்த வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் அன்னா மணி அம்மையார்.

அம்மையார் 1918 ஆகஸ்டு 23-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாம் பிறந்த நாளன்று, குடும்ப வழக்கப்படி வைரத்தோடு தர முன்வந்தபோது, அதை மறுத்துப் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். சென்னையில் பட்டம் பெற்று, 1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவியானார். சிறுவயதில் வேண்டாமென்ற வைரமே அங்கு அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று! வைரத்தின் மங்கிய ஒளியைப் படம்பிடிக்க 15, 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவுகள் பல ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆயினும் முதுகலைப் பட்டம் இல்லையென்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

அவர் மனம் தளரவில்லை. 1945-இல் அரசு உதவித்தொகை பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியலை நாடிச் சென்றவருக்கு வாய்த்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. வாய்த்ததையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். 1948-இல் தாயகம் திரும்பிப் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளையும் அயல்நாட்டிலிருந்து தருவித்த காலம் அது. ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடம் வகுத்து, உள்நாட்டிலேயே செய்ய வழிகோலினார். 121 ஆடவர் பணியாற்றிய பிரிவுக்குத் தலைமை தாங்கினார். தவறான அளவைவிட அளவே இல்லாமை மேல் என்பது அவர் கொள்கை. 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

அவருக்கு ஓய்வேது? பெங்களூரில் காற்றின் வேகத்தையும் வெயிலையும் அளக்கும் கருவிகள் செய்யும் தொழிற்கூடம் அமைத்தார். மூளி என்பவருடன் சேர்ந்து அவர் தொகுத்த இந்தியக் காற்றாற்றல் விவர நூல், யென்சன் கணக்கு வகுத்த அதே 1983-இல் வெளிவந்தது. நாட்டின் பல பகுதிகளில் களத்தில் எடுத்த அளவுகள் பின்னர் 1990 முதல் தொகுதி தொகுதியாக வந்தன. 2001 ஆகஸ்டு 16 அன்று திருவனந்தபுரத்தில் அம்மையார் மறைந்தார்.

அவர் காற்றாலையின் நிழலை ஆராய்ந்தவர் அல்லர். ஆனால் அவர் வற்புறுத்திய அளவை நேர்மை இன்றி அந்த நிழற்கணக்கை எவரும் சோதிக்க இயலாது.

மாணவத் தோழர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டு ஊசல் சோதனையில் எனக்கு 941 என்று விடை வந்தது. பதிவேட்டில் 980 என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின் அந்தப் பக்கத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் அனுமதி கேட்டு, ஊசலை மீண்டும் கட்டித் தொங்கவிட்டேன். நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளிவரை அளக்காமல் அதன் மேல்விளிம்போடு நிறுத்தியதே என் பிழை. 941-ஐ மறைக்காமல் இருந்திருந்தால் அன்றே கற்றிருப்பேன்.