டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

திருவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தந்த திருத்தலம்; அதனை அடுத்த இராசபாளையம் நூற்பாலைகள் மலிந்த நகரம். அந்நகரின் அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் எனப்படும் புண்கட்டுத் துணி நெய்யப்பெற்று, மருத்துவமனைகள் பலவற்றிற்கும் செல்கின்றது. ஆயின், துணியாற் கட்டி ஆற்ற இயலாத புண்ணும் உண்டு. அதுவே புற்றுநோய். அந்நோயால் வருந்தும் ஏழையர்க்காக அரசினரிடமும் மக்களிடமும் வாதாடி வென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியிற் சேர்ந்து கற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கு அயராது வாதாடினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார்.

அம்மையாரின் தங்கையார் 1923-இல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1925-இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை ஆங்கு இயங்குவதைக் கண்டார். அத்தகையதொன்று தமிழகத்திலும் வேண்டும் என்னும் உறுதி பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935-இல் நிகழ்ந்தபோது, அவ்வெண்ணத்தை அவையோர் அறிய வெளியிட்டார்.

அரசினர் எளிதில் இசைந்திலர். தீராத நோய்க்குப் பொருள் செலவிடுதல் வீண் என்பதே பலர் கருத்தாயிருந்தது. தீராது என்பதால் ஆராய்வார் இல்லை. ஆராய்வார் இன்மையால் நோய் தீரவில்லை. இச்சுழலில் அகப்பட்டு மாய்ந்தோர் ஏழையரே. புகையிலை மெல்லுவோரைப் பற்றும் வாய்ப்புற்றும், பெண்டிரைப் பற்றும் கருப்பை வாய்ப்புற்றும் நம் நாட்டில் மிகுதியாயிருந்தன. நம்மவர் நோயை நாமே ஆராய்ந்தாலன்றி அதற்கு நல்வழி பிறவாது.

ஆதலின், அம்மையார் சோர்ந்திலர். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கி, பலரிடமும் பொருள் திரட்டினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள், 12 படுக்கைகளுடன் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டிற் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைத் தம் உழைப்பால் வளர்த்தனர். சிகிச்சையும் ஆராய்ச்சியும் அங்கு ஒருங்கே நடைபெற்றன. பொருளற்றோர்க்கும் அதன் வாயில் திறந்திருந்தது.

அம்மையார் 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய வாதம் இன்னும் முடிவுறவில்லை. விலை கொடுத்து வாங்குவார் இல்லாத மருந்தை ஆராய முன்வருவோர் சிலரே. வயலில் உழைப்பாரை மாய்க்கும் பாம்புக்கடியை, உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல்தான் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது. திருவில்லிபுத்தூர் உழவர்க்கும், இராசபாளையத்து ஆலைத் தொழிலாளர்க்கும் வரும் நோய்கள், செல்வர் நோய்களோடு ஒப்ப ஆராயப்படுதல் வேண்டும். அதுவே அம்மையார் வாழ்வு நமக்கு உணர்த்தும் அறமாகும்.