கோப்பி நோயின் மூலங்கண்ட மார்ஷல் வார்ட்

ஹேவாஹெட்ட மலைச்சாரலில் இன்று தேயிலை செழித்திருக்கக் காண்கிறோம். ஒருகாலத்தில் அம்மலைகள் கோப்பிக்கே உரியனவாயிருந்தன. அங்குள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வரலாற்றை மாணாக்கர் அறிவர். கோப்பியை அழித்த நோயின் இயல்பை ஆராய்ந்து தெளிந்த ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அறிஞரையும் அவர்கள் அறிதல் வேண்டும் என்பது என் விருப்பம்.

1854இல் இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரிற் பிறந்த வார்ட், கேம்பிரிட்ஜிலே பயின்று, 1880இல் அரசினரின் நியமனம் பெற்று இலங்கை வந்தார். 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் அதற்குள் தோட்டமெங்கும் பரவிவிட்டது. மண் வலியிழந்தமையே காரணம் என்றனர் சிலர். பருவக் கோளாறு என்றனர் வேறு சிலர்.

வார்ட் வாதத்தில் இறங்கினாரல்லர். கோப்பிச் செடிகளிடையே கண்ணாடித் தகடுகளை வைத்தார். காற்றிலே வந்து படிந்த நுண்ணிய வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவற்றை நோயற்ற இலைகளில் இட்டும் பார்த்தார். ஈரம்பட்ட வித்தி முளைத்தது. அம்முளை இலையின் அடிப்புறத்து இலைவாய் வழியே உட்புகுந்தது. கலங்களினிடையே இழையாய்ப் படர்ந்து, அவற்றுள் உறிஞ்சிகளைச் செலுத்திச் சத்தைக் கவர்ந்தது. சில வாரங்களிற் செம்மஞ்சட் பொடியாகப் புதிய வித்திகள் வெளிப்பட்டன. நோய் செடிக்குள்ளே தானாகத் தோன்றுவதன்று, புறத்திருந்து வரும் பங்கசின் செயலே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. இடையே வேறு மரமின்றி ஒரே பயிரை மலைமலையாய் நட்டமை அதன் பரவலுக்குத் துணைசெய்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆயினும், இலையுட் புகுந்த பங்கசை ஒழிக்கும் மருந்தை அவராலே தர இயலவில்லை. மருந்தை எதிர்பார்த்த தோட்டத் துரைமார் ஏமாற்றமுற்றனர். 1882இல் வார்ட் தாயகம் திரும்பினார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, தென்னிந்தியாவிலிருந்து வந்துழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் கூலியின்றித் தவித்தனர்.

1885இற் பிரான்சு நாட்டு மில்லார்தே என்பார், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீர் திராட்சைக் கொடியின் பங்கசு நோயைத் தடுப்பதை வெளியிட்டார். இலைமேற் படிந்த செம்பு, வித்தியின் முளை உட்புகுமுன் அதனைக் கொல்லும். வாயிலிலேயே பகையைத் தடுத்தல் வேண்டும் என்னும் இம்முறையின் பொருத்தத்தை வார்ட் கண்ட உண்மை விளக்குகின்றது. பிற்காலத்திற் கோப்பித் துருவுக்கும் செம்பு மருந்தே கைகொடுத்தது.

1895இற் கேம்பிரிட்ஜிலே தாவரவியற் பேராசிரியராகிய வார்ட் 1906இல் மறைந்தார். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுக என்பது வள்ளுவர் கண்ட நெறி. அதன் முற்பகுதியை அவர் செவ்வனே முடித்துத் தந்தார். உடனடிப் பயனை மட்டுங்கொண்டு ஆராய்ச்சியை அளப்போர்க்கு அவர் வாழ்வு தக்கதொரு விடையாகும்.