உணவை ஆராய்ந்த மருத்துவர்

விளக்கு எரிவதற்கு நெய் வேண்டும். நெய் குறைந்தால் சுடர் மங்கும். அகல் நிரம்பி வழியுமாறு வார்த்தாலோ, திரி மூழ்கிச் சுடர் அணைந்துவிடும். மக்கள் உடலுக்கும் கொழுப்புச் சத்துக்கும் உள்ள தொடர்பு இத்தகையதே. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. எந்தக் கொழுப்பை, எவ்வளவு, எவ்வுணவுகளோடு சேர்த்து உண்பது என்பதை அறிந்து உண்பதே நலம்.

திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் அமைந்துள்ள நிலப்பகுதி வானம் பார்த்த பூமியாகும். அங்கே குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் சில. கண்மாய் நிரம்பிய ஆண்டில் நெல் விளையும்; நிரம்பாத ஆண்டுகளில் கம்பும் சோளமும் குதிரைவாலியுமே மக்களைக் காத்து வந்தன. கரிசலிலும் செவலிலும் எள்ளும் நிலக்கடலையும் விளைந்தன. அவற்றைச் செக்கில் இட்டு ஆட்டிப் பெற்ற எண்ணெய் வீட்டுக்கும் உதவியது, விற்பனைக்கும் சென்றது. இத்தகைய எளிய உணவுகளில் உடலுக்கு வேண்டிய சத்துகள் உள்ளனவா? ஏழையும் நல்லுணவு உண்ண இயலுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் வழியில் விடை காண நம் நாட்டில் அடிகோலியவர் சர் இராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் ஆவார்.

மக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாசுட்டு நகரில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, நாட்டின் வட எல்லையில் உள்ள மலைப்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். கில்கித்து மலைநாட்டில் மக்கள் பலர் கழுத்தில் கழலை நோயுற்று வருந்துவதைக் கண்டார். அதன் காரணத்தை அறிய, அவ்வூர் நீரில் இருந்த கசடுகளைத் தாமே உட்கொண்டு ஆராய்ந்தார். தன்விருப்பத்துடன் முன்வந்த சிலரும் அவருக்குத் துணை நின்றனர். அயோடின் குறைவே அந்நோய்க்குத் தலையாய காரணம் என்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. எனினும், பிறர் நோயின் காரணம் காணத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிய அவருடைய துணிவு போற்றத்தக்கது.

முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய மக்கரிசன், 1918ஆம் ஆண்டு நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்குள்ள பாசுடர் நிலையத்தில் ஒரே ஓர் அறைதான் அவருக்குக் கிடைத்தது. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்போரை வாட்டிய பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்வதே அவர் முதலில் மேற்கொண்ட பணி. புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் சத்துக் குறைந்த உணவைத் தந்து, அவற்றின் குடலும் பிற உறுப்புகளும் எவ்வாறு கேடுறுகின்றன என்று நுணுகிக் கண்டார். நோய்க்குக் காரணம் கிருமிகள் மட்டும் அல்ல, உணவில் உள்ள குறைபாடும் நோய் தரும் என்பது அவர் ஆராய்ச்சியால் உறுதி பெற்றது.

அக்காலத்தே கொழுப்பைப் பற்றிய ஒரு புதிய உண்மையும் வெளிவந்திருந்தது. கொழுப்பு உடலுக்கு ஆற்றல் தரும் பொருள் என்பது முன்னரே தெரிந்ததே. மாவுப்பொருள் ஒரு கிராம் 4 கலோரி ஆற்றல் தரும். கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரி தரும். ஆகவே, எல்லாக் கொழுப்பும் ஒன்றே என்று பலரும் எண்ணினர். 1913ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் எலிகளைக் கொண்டு அவ்வெண்ணத்தை மாற்றினர். பன்றிக் கொழுப்பை மட்டும் கொழுப்பாகப் பெற்ற எலிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. வெண்ணெயின் கொழுப்பைத் தந்ததும் அவை மீண்டும் வளர்ந்தன. வெண்ணெயில் கரைந்திருந்த அப்பொருளே ‘ஏ’ உயிர்ச்சத்து எனப் பெயர் பெற்றது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்க் கருவிழி வறண்டு குழந்தையின் பார்வையே அழிந்துபோகும்.

மக்கரிசன் இவ்வுண்மையை நம் நாட்டு உணவோடு பொருத்திப் பார்த்தார். ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைந்த உணவை எலிகளுக்குத் தந்தபோது, அவற்றின் சிறுநீர்ப்பையில் கற்கள் தோன்றுவதைக் கண்டார். பின்னர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்கு அளித்தார். பஞ்சாபுச் சீக்கியரின் உணவை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட, பாலும் நெய்யும் அருகிய சென்னை மாகாண உணவை உண்டவை எல்லாவற்றிலும் பின்தங்கின.

வேறொரு சோதனையில், ஆங்கிலநாட்டு ஏழைகளின் உணவான வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை கலந்த தேநீர், டப்பியில் அடைத்த இறைச்சி ஆகியவற்றை ஒரு கூட்ட எலிகளுக்கு அளித்தார். அவை வளர்ச்சி குன்றின, நோயுற்றன, இறுதியில் ஒன்றையொன்று கடித்துக் கொன்று தின்னவும் தொடங்கின. சீக்கியர் உணவைப் பெற்ற மற்றொரு கூட்டமோ இணக்கமாக வாழ்ந்தது.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குன்னூரில் நலமுடன் வளர்ந்த எலிகளுக்கு அவர் வெண்ணெயை வாரி வழங்கவில்லை. தவிடு நீக்காத கோதுமை ரொட்டியின்மேல் மெல்லியதாகத் தடவியே கொடுத்தார். அதனோடு பாலும், முளைகட்டிய பயறும், பச்சைக் காய்களும், வாரத்திற்கு ஒரு முறை சிறிது இறைச்சியும் தந்தார். ஆகவே அவ்வுணவின் சிறப்பு வெண்ணெயால் மட்டும் வந்ததன்று. பல நல்லுணவுகளோடு சிறிதளவு நல்ல கொழுப்பும் சேர்ந்ததால் வந்தது.

அவரது பணிக்கு இடையூறும் நேர்ந்தது. 1923ஆம் ஆண்டளவில் அரசு செலவைக் குறைக்க முற்பட்டு, அவ்வாராய்ச்சியை நிறுத்திவிட்டது. மக்கரிசன் சோர்ந்துவிடவில்லை. 1925ஆம் ஆண்டு ஆய்வு மீண்டும் தொடங்கியது. 1928ஆம் ஆண்டு உணவுச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநராக அவரே அமர்ந்தார். அதே ஆண்டில், பள்ளி மாணவரும் படித்தறியும் வண்ணம் உணவைப் பற்றிய சிறுநூல் ஒன்றையும் வெளியிட்டார். அறிஞர் கண்ட உண்மை ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடாமல் அடுக்களையை அடைய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1933ஆம் ஆண்டு ‘சர்’ பட்டம் பெற்றார். 1935இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஆக்சுபோர்டு நகரில் இயற்கை எய்தினார்.

அவர் நட்ட செடி மரமாயிற்று. அவருக்குப்பின் இயக்குநரான ஐக்ராய்டு, 1937ஆம் ஆண்டு நம் நாட்டு உணவுகளின் சத்துகளை அட்டவணையாக வெளியிட்டார். 1958இல் அந்நிலையம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பெற்றது. ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, ஆறு திங்களுக்கு ஒரு முறை அச்சத்தை எண்ணெயில் கரைத்துப் புகட்டும் முறையை இந்நிறுவனம் வகுத்தது. 1970ஆம் ஆண்டு அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

இனி, திருச்சுழி வட்டாரத்து உணவை நோக்குவோம். தீட்டிய அரிசியில் கொழுப்பு நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. கம்பிலோ ஏறத்தாழ 5 பங்கு உண்டு. முருங்கைக்கீரையில் ‘ஏ’ உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டின் மிகுதி. ஆனால் அதனை உடல் நன்கு ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து உண்ட நம் முன்னோர் வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள லினோலிக்கு அமிலம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத சத்தாகும். எனவே விலையுயர்ந்த உணவு இன்றியும், கம்பங்கூழும் கீரையும் பயறும் மோரும் சிறிது எண்ணெயும் சேர்த்து உண்பவர் நலமுடன் வாழலாம்.

இன்று சிலருக்குக் கொழுப்பின் குறையும், வேறு பலருக்கு அதன் மிகையும் கேடு தருகின்றன. நாம் பெறும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு நூற்றுக்கு 30க்கு மேற்படலாகாது என்றும், அதிலும் நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு 10க்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. எண்ணெயைச் செயற்கை முறையில் கெட்டியாக்கும்போது உண்டாகும் மாறுநிலைக் கொழுப்பு இதயத்திற்குப் பகையாகும். அதனால் இந்திய அரசு, 2022ஆம் ஆண்டு சனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு நூற்றுக்கு 2க்கு மேல் இருத்தலாகாது என விதித்தது.

மாணவர்களே! ஒரு குழந்தையின் கண்ணொளியும் ஒரு தந்தையின் இதயமும் நாள்தோறும் உண்ணும் உணவைச் சார்ந்துள்ளன. அளவறிந்து, தரமறிந்து, பல்வகை உணவோடு சேர்த்துக் கொழுப்பை உண்ணுதல் வேண்டும். தாம் கண்ட உண்மையைச் சிறுவர்க்கும் புரியும்படி எழுதிவைத்த மக்கரிசனுக்கு நாம் செலுத்தும் நன்றி, கற்றதை நம் வீட்டு அடுக்களையில் கடைப்பிடிப்பதே ஆகும்.