வானை வரைந்தவரும் வனத்தைத் தின்ற புழுவும்

அறிவை நாடி உழைப்போர் தம் செய்கையின் பயன் முழுவதையும் முன்னரே அறிந்துவிடுவதில்லை. நன்மை கருதித் தொடங்கிய முயற்சி பெருந்தீங்காய் முடிதலும் உலகத்தில் உண்டு. விண்ணின் அழகை வரைந்து புகழெய்தியவரும், தாம் எண்ணாமலே ஒரு பெருநாட்டின் காடுகளுக்குக் கேடு விளைத்தவருமாகிய எத்தியேன் லெயொபோல் துரூவெலோ என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் பிரான்சு தேசத்தின் வடபகுதியிலே 1827-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் பிறந்தார். 1851-ஆம் ஆண்டில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றியபோது, குடியரசுக் கொள்கையினரான இவர் தாய்நாட்டை நீங்கி அமெரிக்கா சேர்ந்து, பாஸ்டன் நகரையடுத்த மெட்போர்டு என்னும் ஊரிற் குடியேறினார். ஓவியமும் கல்லச்சுப் படத்தொழிலும் அவருக்குப் பிழைப்பாயின. உள்ளமோ பூச்சிகளை ஆராய்வதிலே சென்றது.

அக்காலத்தில் ஐரோப்பாவின் பட்டுப்புழுக்களை ஒரு கொடுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பூச்சியொன்றினின்றே பட்டெடுத்தல் கூடும் எனத் துரூவெலோ கருதினார். ஏறக்குறைய ஐந்து ஏக்கர் நிலத்தை வலையால் மூடி, அதனுள் பத்து லட்சம் புழுக்கள் வரை வளர்த்ததாக அவரே எழுதியுள்ளார். இம்முயற்சிக்கிடையே ஐரோப்பாவினின்று ஜிப்ஸி அந்து எனப்பட்ட பூச்சியின் முட்டைகளையும் கொணர்ந்தார். 1868, 1869 ஆகிய ஆண்டுகளையொட்டி அப்புழுக்கள் சில தப்பி, அயலிலிருந்த மரங்களைச் சேர்ந்தன. அதனால் விளையக்கூடிய கேட்டை உணர்ந்த துரூவெலோ செய்தியை மறைக்காது பிறர்க்கு அறிவித்தார் என்பர். ஆயினும் அதனைப் பொருட்படுத்துவார் ஒருவரும் இலர்.

பின்னர் அவர் நோக்கம் மண்ணை விட்டு விண்ணுக்குச் சென்றது. 1870-ஆம் ஆண்டில் வடதுருவச் சோதியைக் கண்டு அவர் வரைந்த படங்கள் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத் தலைவர் வின்லாக்கின் கருத்தைக் கவர்ந்தன. 1872-இல் அந்நிலையத்திலேயே பணி கிட்டிற்று. வியாழன், சனி, சூரியனின் செந்தழல்கள், வால்நட்சத்திரங்கள் முதலியவற்றைத் தொலைநோக்கியிற் கண்டவாறே தீட்டினார். அவர் வரைந்த படங்கள் ஏறக்குறைய 7,000 என்பர். அவற்றுட் சிறந்த 15 வண்ணப்படங்கள் 1880-களின் தொடக்கத்தில் அச்சாயின. 1882-இல் பிரான்சுக்கு மீண்டு மெதோன் வானாராய்ச்சி நிலையத்தில் உழைத்தார்.

அவர் விட்டுச் சென்ற ஊரிலோ சிறுபுழு பெருகலாயிற்று. 1889-ஆம் ஆண்டில் மெட்போர்டு மரங்கள் கோடையிலே இலையற்று நின்றன. சுவர்களிலும் நடைபாதைகளிலும் புழுக்கள் மொய்த்தன. மறு ஆண்டு மாசசூசெட்ஸ் அரசாங்கம் அதனை வேரறுக்கத் தொடங்கி, பத்தாண்டு பெரும்பொருள் செலவிட்டு, 1900-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. துரூவெலோ 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் மெதோனில் காலமானார். புழுவோ மேன்மேலும் பரவிற்று. 1981-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 129 லட்சம் ஏக்கர் காடு இலையிழந்தது.

இத்துணைப் பரந்த காட்டை மனிதர் நடந்து அளத்தல் அரிது. 1972-இல் அமெரிக்கர் ஏவிய முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தினின்று நிலத்தைப் படமெடுக்கத் தொடங்கியபின் ஒரு புதுவழி பிறந்தது. பச்சிலை சிவப்பொளியை உட்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். புழு இலையைத் தின்றவிடத்து அவ்வகச்சிவப்பொளி குன்றும். நலமாயிருந்த ஆண்டின் படத்தையும் கேடுற்ற ஆண்டின் படத்தையும் ஒப்பிட்டால் அழிவின் எல்லை விளங்கும். ஆயினும் மேகம் மறைத்தல் உண்டு. இலையிழந்த மரங்கள் அக்கோடையிலேயே மீண்டும் துளிர்த்தலும் உண்டு. ஆதலின் காலமறிந்து நோக்குதல் வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இலையிழக்கும் கருவாலி மரங்கள் பட்டுப்போதலால், எவ்விடம் எத்தனை முறை தாக்குண்டது என்பதை அறிதல் இன்றியமையாதது. 2015 முதல் 2017 வரை நியூ இங்கிலாந்தில் இப்புழு மீண்டும் பெருகியபோது இவ்வாறே அழிவைக் கணக்கிட்டனர். முட்டைத் திரளின் தோற்றம் பற்றி அப்பூச்சிக்கு 2022-இல் பஞ்சு அந்து என்று பொருள்படும் புதுப்பெயரும் இட்டனர்.

சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் துரூவெலோவின் பெயர் வழங்குகின்றது. அவர் மண்ணில் நின்று விண்ணை நோக்கினார். அவரால் நேர்ந்த கேட்டை இன்று விண்ணினின்று மண்ணை நோக்கிக் காண்கின்றனர். எனினும் எத்துணைக் கூரிய கருவியும் பரந்த அழிவைக் காட்டுமேயன்றி, அன்று சில புழுக்கள் தப்பிய பொழுதைத் திருப்பித் தாராது. ஆராய்ச்சியிற் புகும் மாணவர் ஆர்வத்தோடு காவலையும் மேற்கொள்வாராக. தவறு நேர்ந்தவன் அதனை அறிவிக்கும்போது செவிசாய்த்தலும் அறிவுடையோர் கடனாகும்.