கோல்கொண்டா நவாபாக நடித்து ‘நவாப்’ ஆன ராஜமாணிக்கம்

நமது திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் பத்ராசலம் ராமதாசர் கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்தக் கதையைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்து, அதில் முஸ்லிம் மன்னராக வேடமிட்டவரைத்தான் தமிழகம் நவாப் ராஜமாணிக்கம் என்று அழைத்தது. பெயரைப் பார்த்து முஸ்லிம் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் தீவிர ஐயப்ப பக்தர்.

1906-இல் பிறந்த ராஜமாணிக்கம், ஜெகன்னாதய்யரின் நாடகக் கம்பெனியில் பயின்று, பின்னர் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவை நடத்தினார். அது சிறுவர்களைக் கொண்ட ‘பாய்ஸ் கம்பெனி’. பெண் வேடமும் ஆண்களே போடுவார்கள். உண்பது, உறங்குவது, பாடம் கேட்பது எல்லாம் கம்பெனியிலேயே. நமது பழைய அரபி மதரஸாக்களின் விடுதி வாழ்க்கை நமக்கு நினைவுக்கு வருகிறது. எம்.என். நம்பியார் அங்கு வளர்ந்தவர். 1935-இல் ‘பக்த ராமதாஸ்’ திரைப்படமானபோது அவருக்கு மாதண்ணா வேடம் கிடைத்தது.

இந்த மாதண்ணா கற்பனைப் பாத்திரம் அல்ல. கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா, ஷா ராஜூ என்ற சூஃபி பெரியாரின் முரீது. அவரது ஆட்சியில் முதன்மை அமைச்சராக இருந்தவர் மாதண்ணா என்ற பிராமணர். வரிப்பணத்தில் கோயில் கட்டிய தாசில்தார் கோபண்ணாவைச் சிறையிட்டதும் தானா ஷாதான். விடுதலைக்குப் பின் பத்ராசலத்துக்கு முத்து அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் அவரே என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். கோபண்ணாவைச் சிறை வைத்த அதே தானா ஷா, தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே வஃபாத்தானார். கொடுங்கோலன் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காத மனிதர் அவர். அந்த வேடம் மக்கள் மனதில் வெறுப்பை விதைத்திருந்தால், நடித்தவருக்கு ‘நவாப்’ என்ற சொல் அன்பான பட்டமாக ஒட்டியிருக்குமா?

ராஜமாணிக்கம் ‘ஏசுநாதர்’ நாடகமும் போட்டார். இங்கே நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஈஸா (அலை) உட்பட எந்த நபியையும் வேடமிட்டுக் காட்டுவதை நமது உலமாக்கள் ஏற்பதில்லை, நாமும் ஏற்கவில்லை. ஆனால் பிற சமயத்தாரின் பெரியோரை மரியாதையோடு மேடையேற்ற வேண்டும் என்ற அவரது எண்ணத்தை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. அவரது ஐயப்பன் நாடகமும் சபரிமலை வழிபாட்டைத் தமிழகத்தில் பரப்பியது. அந்தக் கதையில் வாவர் உண்டு. எருமேலி பள்ளிவாசலுக்குச் சென்றுவிட்டு மலையேறும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

1974-இல் ராஜமாணிக்கம் காலமானார். நாடகம் முடிந்தால் திரை இறங்கிவிடும். மிஞ்சுவது நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் கடிதங்களும்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படிப்பட்ட துண்டுத்தாள்களைச் சேர்த்து வைத்தார். இன்று அவை சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் உள்ளன. நமது வீடுகளிலும் பாட்டனார் காலத்துப் பெட்டிகளின் அடியில் நாடக நோட்டீஸோ, மீலாது விழா அழைப்போ கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.