இரும்பு மலையைக் காட்டிய பி. என். போஸ்

கஞ்சமலை அடிவாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். மழை ஓய்ந்த மறுநாள், காந்தத் துண்டைக் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுத்துச் செல்வது எங்கள் சிறுபருவ விளையாட்டு. கருமணல் மீசை போல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அது இரும்பு என்று தந்தையார் சொல்லக் கேட்ட நாள் முதல் என் உள்ளத்தில் ஒரு கேள்வி குடிகொண்டிருந்தது. காலடியில் இத்தனை இரும்பு கிடக்க, எங்கள் ஊரார் ஏன் பிழைப்புத் தேடி வெளியூர் செல்கின்றனர்?

இக்கல்லூரியில் நிலவியல் பயிலத் தொடங்கிய பின், இந்தியப் படத்தில் கனிவளங்களைப் புள்ளியிட்டுக் காட்டும் பயிற்சி ஒன்று தரப்பட்டது. நிலக்கரிக்குக் கறுப்பு, இரும்புக்குச் சிவப்பு. முடித்துப் பார்த்தேன். சோட்டா நாகபுரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் கறுப்பும் சிவப்பும் மொய்த்துக் கொண்டிருந்தன. கங்கைச் சமவெளி வெறிச்சோடிக் கிடந்தது. நம் சேலத்துக்குச் சிவப்பு உண்டு. அருகில் கறுப்பு இல்லை. இயற்கை அன்னை ஓரவஞ்சனை செய்துவிட்டாள் என்று பேராசிரியரிடம் முறையிட்டேன். அவர் புன்னகைத்து, நூலகத்திற்குச் சென்று பிரமதநாத் போஸின் வரலாற்றைப் படித்து வருமாறு பணித்தார். படித்ததைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

போஸ் 1855-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், வங்காளத்தில் கோபர்டாங்காவை அடுத்த கைபூரில் பிறந்தார். கிருஷ்ணநகரிலும் கல்கத்தாவிலும் பயின்று, 1874-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். அங்கே அறிவியல் பட்டமும், அரச சுரங்கக் கல்லூரியில் பயிற்சியும் பெற்றார். 1880-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் உயர்பதவியில் அமர்ந்தார். வெள்ளையர் மட்டுமே வீற்றிருந்த அவ்வரிசையில் ஓர் இந்தியர் இடம்பெற்றது அந்நாளில் அரிய நிகழ்ச்சி.

அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காடும் மலையுமே அவர் வீடாயின. மத்திய மாகாணம், அசாம், டார்ஜிலிங், பர்மா என அவர் நடந்த நிலம் பெரிது. இன்று சத்தீசுகரில் உள்ள தல்லி - ராஜ்ஹரா மலைகளின் இரும்புத் தாதுவை 1880-களில் ஆராய்ந்து குறிப்பெழுதி வைத்தவர் அவரே.

இத்தகையவருக்கு நேர்ந்தது என்ன? 1903-இல் துறையின் தலைமைப் பதவி, அவருக்குப் பத்தாண்டு பின்னால் பணியில் சேர்ந்த தாமஸ் ஹாலண்டுக்கு அளிக்கப்பட்டது. போஸ் பணியைத் துறந்தார். மன்னர் ஸ்ரீராமசந்திர பஞ்ச தேவ் ஆண்ட மயூர்பஞ்ச் சமஸ்தானம் அவரை நிலவியல் அறிஞராக அழைத்துக்கொண்டது. அங்கேதான் கோருமகிசானி மலையின் வளத்தை அவர் கண்டறிந்தார். நூற்றுக்கு அறுபது பங்குக்கும் மேல் இரும்பு செறிந்த தாது அது.

அதே காலத்தில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மகன் தோரப்ஜி, இரும்பாலைக்கு இடம் தேடி அமெரிக்க அறிஞர் வெல்டுடன் மத்திய மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்தார். நாகபுரி அருங்காட்சியகத்தில் தொங்கிய நிலவியல் படமொன்று அவர்களைத் தல்லி மலைகளுக்கு இட்டுச் சென்றது. தாது மிகச் சிறந்தது. ஆயினும் உலைக்கேற்ற நிலக்கரி அருகில் இல்லை, போதிய நீரும் இல்லை. மலையையே கையில் வைத்துக்கொண்டு அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தேன். இரும்புப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பழங்கடலின் அடியில் படிந்தவை. தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரியோ ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் புதையுண்டதால் உண்டானது. இரண்டும் அருகருகே அமைய வேண்டும் என்ற கட்டாயம் இயற்கைக்கு இல்லை. எங்கே அவை நெருங்கி வருகின்றன என்று கண்டு சொல்வது மனிதனின் வேலை.

அவ்வேலையைத்தான் போஸ் செய்தார். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அவர் ஜாம்ஷெட்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்சின் தாதுவையும், ஜாரியா நிலக்கரி அதற்கு அண்மையில் இருப்பதையும் அதில் எடுத்துரைத்தார். அடுத்த மே திங்களில் ஜாம்ஷெட்ஜி காலமானார். ஆனால் கடிதம் வீண்போகவில்லை. தோரப்ஜியும் பெரின், வெல்டு ஆகியோரும் கோருமகிசானியைக் கண்டு வியந்தனர். 1907-இல் நிறுவனம் தோன்றியது. சுவர்ணரேகையும் கர்காயும் கூடும் சாக்சி சிற்றூர் ஆலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தாது, கரி, நீர், இருப்புப்பாதை, எட்டும் தொலைவில் கல்கத்தாத் துறைமுகம் ஆகிய அனைத்தும் அங்கே ஒருங்கே வாய்த்தன. 1911-இல் இரும்பும் 1912-இல் எஃகும் வெளிவந்தன. 1919-இல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

கைவிடப்பட்ட தல்லி மலையும் வீணாகவில்லை. 1959-இல் முதல் உலை மூட்டப்பட்ட பிலாய் ஆலைக்கு அதுவே தாது தந்தது. அவ்வாலைக்கு நிலக்கரி தொலைவிலிருந்து இரயிலில் வந்தது. போஸ் எழுதிய குறிப்பு பலன் தர எழுபது ஆண்டுகள் காத்திருந்தது.

போஸ் கல்வித் தொண்டிலும் ஈடுபட்டார். 1906-இல் தொடங்கிய வங்கத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஊதியம் பெறாத முதல்வராக இருந்தார். அதுவே வளர்ந்து 1955-இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் முதுமையில் அவர் எழுதிய நூல்களில் மேலைநாட்டு இயந்திர நாகரிகத்தைக் கடிந்துரைத்தார். இரும்பாலைக்கு வழிகாட்டியவரே தொழிற்பெருக்கத்தை ஐயுற்றது முதலில் எனக்கு முரணாகத் தோன்றியது. 1934-இல் இராஞ்சியில் மறைந்த அவரது ஐயத்தின் பொருள், பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போதுதான் விளங்கியது.

என் படத்தில் புள்ளிகள் மொய்த்த அதே நிலம்தான் நாட்டின் வறிய நிலங்களுள் ஒன்று. மயூர்பஞ்சிலும் சிங்பூமிலும் பழங்குடி மக்கள் காட்டையும் வயலையும் இழந்தனர். 1950-களில் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால் எஃகும் நிலக்கரியும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தன. சுரங்கத்தின் அருகில் ஆலை வைப்பதால் கிட்டும் ஆதாயம் குறைந்தது. 1990-களின் தொடக்கம் வரை அக்கொள்கை நீடித்தது. சுரங்க வருவாயில் ஒரு பங்கை அம்மாவட்ட மக்களுக்கே ஒதுக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகே வந்தன.

கஞ்சமலைக்குத் திரும்புகிறேன். அதன் தாதுவில் இரும்பு ஏறத்தாழ 35 விழுக்காடே. 1830-இல் சேலத்துத் தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் தொடங்கிய ஆலை, மரக்கரியை நம்பியதால் நிலைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலையும் வெளியிலிருந்து வரும் மூலப்பொருளை நம்பியே உழைக்கிறது. என் சிறுவயதுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதனிடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. கஞ்சமலைக்குக் கிட்டாதது கோருமகிசானிக்குக் கிட்டியதே. அம்மலையடி மக்களுக்கு என்ன கிட்டியது?

தோழர்களே! நாளை நம்முள் சிலர் சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி மலையேறுவோம். நாம் இடும் ஒரு சிவப்புப் புள்ளி எழுபது ஆண்டு கழித்தும் பேசும். அப்புள்ளியை வழுவின்றி இடுவோம். அதன் கீழ் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் உடன் எழுதி வைப்போம். போஸுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.