மயிர்க்கொட்டிகளை வளர்த்த மரியா சிபில்லா மெரியன்

வீட்டு வளவில் நிற்கும் தேசி மரத்தின் இலையில், பறவையின் எச்சம் போல ஒன்று ஒட்டிக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் அது அசையும். சில நாட்களில் அது பச்சைப் புழுவாகி இலையை ஓரத்திலிருந்து அரிந்து தின்னும். ஈர்க்கினால் தீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குப் போலக் கிளைத்த ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பிறகு ஒருநாள் காணாமற் போய்விடும். எச்சம் போலக் கிடந்ததும், இலையைத் தின்றதும், பின்னர் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பூக்களின் மேல் பறப்பதும் ஒரே உயிர்தான். புழுவைக் கண்டால் நசுக்கிவிட்டு வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் ரசிக்கிற நம்மில் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. சேற்றிலிருந்தும் அழுகிய பொருளிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று பண்டைக் காலந்தொட்டு நம்பிவந்தார்கள். ஜேர்மன் மக்கள் வண்ணத்துப்பூச்சிகளைக் கோடைப் பறவைகள் என்று அழைத்தார்கள். புழு வேறு, பறவை வேறு என்பதே பொதுவான எண்ணம். அந்தக் காலத்தில், பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஒரு பெண், வீட்டிலிருந்த பெட்டிகளையும் தன் கண்களையும் மட்டுமே நம்பி, புழுவின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதி வைத்தார். அவர்தான் மரியா சிபில்லா மெரியன்.

மரியா 1647 ஏப்ரல் 2 ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மெரியன் புகழ்பெற்ற செதுக்கோவியரும் நூல் வெளியீட்டாளரும் ஆவார். மகளுக்கு மூன்று வயதானபோது அவர் காலமானார். தாய், யாக்கோப் மாரெல் என்ற ஓவியரை மறுமணம் செய்தார். மலர்களை வரைவதில் தேர்ந்த மாரெல், பெண்பிள்ளை என்று ஒதுக்காமல் மரியாவுக்கும் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்றைய மலர் ஓவியங்களில் இதழின் ஓரத்தில் ஒரு பூச்சியை அழகுக்காக வைப்பது வழக்கம். அழகுக்காக வைத்த அந்தப் பூச்சியே மரியாவின் வாழ்நாள் வேலையாக மாறியது.

1660 ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதில், அவர் பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினார். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என்று நான்கு நிலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பட்டுப்புழு இப்படி மாறுமானால், தோட்டத்திலுள்ள மற்ற மயிர்க்கொட்டிகளும் மாறத்தானே வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அன்றிலிருந்து கண்ணில் பட்ட புழுக்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எந்தச் செடியில் கண்டாரோ அந்தச் செடியின் இலையையே பறித்துக் கொடுத்தார். எந்த நாளில் தோலுரித்தது, எப்போது கூடு கட்டியது, எத்தனை நாளுக்குப் பிறகு எந்த வடிவில் வெளிவந்தது என்பவற்றை எழுதினார். பக்கத்தில் சிறு படங்களும் வரைந்தார். அவர் பல்லாண்டுகள் பேணிய அந்தக் குறிப்பேடு இன்றும் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

இந்த முறையின் அருமை முதற் பார்வைக்குத் தெரியாது. ஒரு புழுவைப் பிடித்து ஊசியில் குத்தி வைத்தால் அதன் நிறம் தெரியும். அது யார் என்பது தெரியாது. அது எதை உண்கிறது, எதுவாக மாறுகிறது என்பதை அறிந்தால்தான் அதை அடையாளங் கண்டதாகும். பல புழுக்கள் தமக்குரிய ஓரிரு வகைச் செடிகளைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினியால் மடிந்துவிடும். ஆகவே செடியை அறியாமல் பூச்சியை அறிய முடியாது. பூச்சியையும் அதன் உணவுச் செடியையும் ஒரே படத்தில் சேர்த்து வரைவதை மரியா வழக்கமாக்கினார்.

1665 இல் மாரெலின் மாணவரான யொஹான் கிராப் என்பவரை மணந்தார். யொஹன்னா, டொரத்தியா என்ற இரு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். நியூரம்பேர்க் நகரில் குடும்பம் நடத்திய காலத்தில், வசதியான வீட்டுப் பெண்களுக்கு மலர் ஓவியமும் பூவேலையும் கற்பித்தார். அந்த மாணவிகளின் வீட்டுத் தோட்டங்கள் அவருக்குத் திறந்திருந்தன. அங்கெல்லாம் புதிய புழுக்கள் கிடைத்தன. சமையல், பிள்ளை வளர்ப்பு, பாடம், ஓவியம் ஆகியவற்றுக்கிடையே, ஒவ்வொரு நாளும் தவறாமல் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலையும் நடந்தது. புழு வளர்ப்பவருக்கு விடுமுறை கிடையாது. ஒருநாள் மறந்தால் இலை காய்ந்துவிடும். ஓர் இரவு தவறினால் கூடு திறந்து அந்து பறந்துவிடும்.

1679 இல் மயிர்க்கொட்டிகளின் உருமாற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ஐம்பது படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செடியும் அதை நம்பி வாழும் உயிர்களும் இருந்தன. 1683 இல் இன்னும் ஐம்பது படங்களுடன் இரண்டாம் பாகம் வந்தது. அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய காலத்தில், அவர் தமது ஊரார் வாசிக்கக்கூடிய ஜேர்மன் மொழியில் எழுதினார்.

சில வேளைகளில் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. சிறிய ஈக்களும் குளவிகளும் வந்தன. மற்றொருவராக இருந்தால் அதைக் கெட்டுப்போன புழு என்று வீசியிருப்பார். மரியாவும் அதன் காரணத்தை முழுதாக அறிந்திருக்கவில்லை. ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதி வரைந்தார். சில குளவிகளும் ஈக்களும் புழுவின் உடலில் முட்டையிடுகின்றன, அவற்றின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளர்கின்றன என்று இன்று உயிரியல் படிக்கும் நமக்குத் தெரியும். புரியாததையும் மறைக்காமல் எழுதியதால்தான் அவரது குறிப்புகள் பிற்காலத்தவருக்குப் பயன்பட்டன.

மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1680களின் நடுப்பகுதியில் தாயையும் இரு மகள்மாரையும் அழைத்துக்கொண்டு, நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் எளிமையாக வாழ்ந்த ஒரு சமயக் குழுவினரிடம் போய்ச் சேர்ந்தார். கணவர் தேடிவந்து அழைத்தும் திரும்பவில்லை. பின்னர் மணமுறிவு ஏற்பட்டது. தாய் இறந்தபின், 1691 இல் மகள்மாருடன் அம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, ஓவியம் விற்றும் வர்ணங்கள் விற்றும் தம் கையுழைப்பில் குடும்பத்தைத் தாங்கினார்.

அந்நாளில் அம்ஸ்டர்டாம் உலக வணிகத்தின் நடுவிடம். நம் நாட்டின் காலி, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய கரையோரங்களை வைத்திருந்த அதே ஒல்லாந்தரின் தலைமை வணிக நகரம் அது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கப்பல்களில் வந்த சிப்பிகள், ஓணான்கள், வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் செல்வந்தர்களின் அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருந்தன. நகரத் தலைவர் நிக்கொலாஸ் விட்சன் போன்றோர் அவற்றை மரியாவுக்குக் காட்டினார்கள். அவற்றின் அழகு அவரைக் கவர்ந்தது. ஒரு குறையும் உறுத்தியது. எல்லாம் இறந்தவை. எந்தப் புழுவிலிருந்து வந்தன, எந்த இலையைத் தின்றன என்று சொல்ல அங்கு எவருமில்லை.

ஆகவே தாமே போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தார். தமது படங்களை விற்றுப் பணம் சேர்த்தார். மரண சாசனமும் எழுதி வைத்தார். 1699 இல், ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தொரு வயது மகள் டொரத்தியாவுடன் தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார். ஓர் ஆண் துணையுமின்றி இரு பெண்கள், அரசின் கட்டளையாலோ வணிகத்துக்காகவோ அல்லாமல், பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்தார்கள். அங்கிருந்த ஒல்லாந்துத் தோட்ட முதலாளிகள், சீனியைத் தவிர வேறொன்றைத் தேடி இங்கு வருவதா என்று அவரைக் கேலி செய்தார்கள்.

அந்தச் சீனி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் அந்நாட்டுப் பழங்குடியினரும் அங்கே வதைபட்டார்கள். மரியாவின் வேலைக்கும் அவர்களின் உழைப்பே உதவியது என்பதை மறைக்க முடியாது. காட்டில் வழி வெட்டியவர்களும், புழுக்களைத் தேடிக் கொண்டுவந்தவர்களும், செடிகளின் பயனைச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களிடம் கேட்டறிந்ததை அவர் தம் நூலில் எழுதினார். அவர்களின் பெயர்களை மட்டும் எழுதவில்லை. நம் ஊர்களில் அழகுக்காக வளர்க்கும் மயில்கொன்றையை அவர் அங்கே வரைந்தார். தமது பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக்கூடாதென்று, அதன் விதைகளைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் கருவைக் கலைத்துக்கொண்டதை அப்பெண்களே அவரிடம் சொன்னார்கள். ஒரு பூச்செடியின் படத்தோடு அந்தத் துயரமும் பதிவாகியது.

காய்ச்சல் அவரை வாட்டியதால், எண்ணியதற்கு முன்பே 1701 இல் திரும்ப வேண்டியதாயிற்று. 1705 இல் சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூல் அறுபது படங்களுடன் இலத்தீனிலும் ஒல்லாந்து மொழியிலும் வெளிவந்தது. செடிகளின் பெயர்களை அம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த கஸ்பார் கொமெலின் எழுதிக் கொடுத்தார்.

அந்நூலில் பிழைகளும் உண்டு. விளக்குப்பூச்சி எனப்பட்ட ஒரு பூச்சி இரவில் ஒளிவிடும் என்று எழுதினார், அது ஒளிவிடுவதில்லை. ஆனால் பிழை என்று மற்றவர்கள் சொன்ன எல்லாமே பிழையல்ல. பெரிய சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்பதாக அவர் வரைந்த படத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் கட்டுக்கதை என்று இகழ்ந்தார்கள். பின்னர் அமேசன் காட்டில் பல்லாண்டு ஆய்வு செய்த ஹென்றி வோல்ட்டர் பேட்ஸ், சிலந்தியிடம் அகப்பட்ட பறவைகளைத் தம் கண்ணால் கண்டு 1863 இல் வெளியான நூலில் எழுதினார்.

மரியா 1717 ஜனவரி 13 ஆம் திகதி அம்ஸ்டர்டாமில் காலமானார். மயிர்க்கொட்டி நூலின் மூன்றாம் பாகத்தை டொரத்தியா அதே ஆண்டில் வெளியிட்டார். ரஷ்யப் பேரரசர் பீற்றர் அவரது ஓவியங்களை வாங்கினார். உயிர்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸ், சில இனங்களை விவரிக்க மரியாவின் படங்களையே ஆதாரமாகக் கொண்டார். யூரோ நாணயம் வருவதற்கு முன் ஜேர்மனியின் 500 மார்க் நாணயத்தாளில் அவரது முகம் இருந்தது.

அன்புத் தோழியரே, அவர் பயன்படுத்திய கருவிகளில் நம் வீடுகளில் இல்லாதது எதுவுமில்லை. ஒரு பழைய போத்தல், வாயை மூட வலைத்துணி, தினமும் புதிய இலை, ஒரு கொப்பி, பென்சில் போதும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் காணும் புழு ஒன்று, எருக்கலையில் காணும் கோடு போட்ட புழு வேறொன்று, அலரியில் காண்பது இன்னொன்று. செடியின் பெயரை முதலில் எழுதுங்கள்; பூச்சியின் பெயர் பின்னால் வரும். முருங்கையில் கூட்டமாக மொய்க்கும் மயிர்க்கொட்டியை மட்டும் கையால் தொடாதீர்கள். அதன் மயிர் பட்டால் சொறியும் தடிப்பும் உண்டாகும். அதைத் தள்ளி நின்றே வரையலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் புழுவா என்று உம்மாமார் முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் அத்தியாயங்கள் உள்ள அல்குர்ஆனை ஓதும் வீடுகள் நம்முடையவை. அல்லாஹ்வின் இந்தச் சிறு படைப்புகளைக் கவனிப்பது வீண் வேலையல்ல என்று நமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளின் மேசையில் அந்தப் போத்தல் இரண்டு மூன்று வாரங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். கூடு திறக்கும் காலையில் நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.